ஞானப்பல் எடுப்பதும் அதற்குப் பிந்தைய நாட்களும்: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கண்டனூர் பக்கத்து மக்கள் ஞானப்பல்லைப் பற்றிக் கேட்கும் கேள்விகளும் பல் மருத்துவர்களாகிய நாங்கள் சொல்லும் பதில்களும் இவை. பல் எடுப்பது முக்கால் மணி நேர வேலை. பிறகு வரும் ஒரு வாரத்தில்தான் சொதப்பல்கள் நடக்கின்றன. பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கும். கீழே சொல்லப்படும் கட்டுப்பாடுகளில் முக்கால்வாசி அந்தக் கட்டியைக் கலைக்காமல் காப்பதற்காகத்தான்.

ஞானப்பல் என்பது எது? எல்லோருக்கும் வருமா?

வாயின் கடைக்கோடியில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று கடைசியாக முளைக்கும் கடைவாய்ப் பற்கள். பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் எட்டிப் பார்க்கும். சிலருக்கு நான்கும் வரும், சிலருக்கு ஒன்றிரண்டுதான். பிறவியிலேயே ஒன்றுகூட இல்லாதவர்களும் உண்டு. அவர்களுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

எனக்கு வலியே இல்லை. எக்ஸ்ரே பார்த்துவிட்டு எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கத்தான் வேண்டுமா?

எல்லா ஞானப்பல்லையும் எடுக்க வேண்டியதில்லை. நேராக முளைத்து, எதிர்ப்பல்லோடு சேர்ந்து மென்று, பிரஷ் எட்டுகிற இடத்தில் இருந்தால் அதுவும் மற்றப் பற்களைப் போல ஒரு பல்தான். நோய் எதுவும் இல்லாத, எலும்புக்குள் புதைந்த ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்கத் தேவையில்லை என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் கொடுத்தது. எல்லா நாட்டு மருத்துவர்களும் அதை அப்படியே ஏற்கவில்லை. ஆனாலும் "எதற்காக எடுக்கச் சொல்கிறீர்கள்?" என்று நீங்கள் கேட்டால், எக்ஸ்ரேயில் கைவைத்துக் காட்டும்படி ஒரு காரணம் இருக்க வேண்டும்.

அந்தக் காரணங்கள் வழக்கமாக இவை. பாதி முளைத்த பல்லின் மேல் மடல் போல ஈறு மூடியிருக்கும்; அதற்கடியில் சோற்றுப்பருக்கை புகுந்து அழுகி, மாதத்துக்கொரு முறை வீங்கும். அல்லது பல் முன்பக்கமாகச் சாய்ந்து முன்னிருக்கும் நல்ல கடைவாய்ப் பல்லை முட்டி, இரண்டுக்கும் நடுவில் சொத்தை விழும். இரண்டாவதுதான் எங்களுக்குக் கவலை. வலி தெரிகிற நாளில் பெரும்பாலும் முன்னிருக்கும் அந்த நல்ல பல்லும் கெட்டிருக்கும். ஒரு பல்லுக்குப் பதில் இரண்டை இழக்க நேரும். பல்லைச் சுற்றி நீர்க்கட்டி, அடைக்க முடியாத சொத்தை, எலும்புத் தேய்மானம் ஆகியவையும் காரணங்களே. "பல்வரிசை கோணலாகிவிடும்" என்பது மட்டுமே காரணம் என்றால் இன்னொரு மருத்துவரையும் கேட்டுவிடுங்கள்.

எடுப்பது என்று முடிவானால் தள்ளிப்போட்டு லாபம் இல்லை. வயது ஏற ஏறத் தாடை எலும்பு இறுகும், வேர் முழுசாக வளர்ந்து நரம்பை நெருங்கும், ஆறுவதும் தாமதமாகும்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்கிறார்களே?

மங்காது. மேல் பல்லுக்குப் போகும் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு. நாற்பது வயதுக்கு மேல் பல் எடுக்கிறவர்களுக்கு அதே வயதில்தான் வெள்ளெழுத்தும் வருகிறது. பழி பல்லின் மேல் விழுகிறது.

ஈறு வீங்கிச் சீழ் வைத்திருக்கிறது. இன்றைக்கே எடுத்துவிடலாமா?

சில நேரம் முடியும், பல நேரம் சில நாள் பொறுக்கச் சொல்வோம். சீழ் பிடித்த திசுவில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் மரப்பு ஊசி சரியாக வேலை செய்யாது. வாயும் போதிய அளவு திறக்காது. முதலில் ஈறு மடலுக்கு அடியில் மருந்து நீரைப் பீய்ச்சிக் கழுவுவோம். வீட்டில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். காய்ச்சலோ, பரவும் வீக்கமோ இருந்தால்தான் ஆன்டிபயாட்டிக். ஐந்தாறு நாளில் வீக்கம் வடியும். ஆபத்து அங்கேதான்: வலி போனதும் பலரும் வருவதில்லை, இரண்டு மாதம் கழித்து முன்னிலும் பெரிய வீக்கத்தோடு வருவார்கள்.

ஓபிஜி எக்ஸ்ரே எதற்கு? சின்ன எக்ஸ்ரே போதாதா?

கீழ்த் தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது; கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். ஞானப்பல்லின் வேர் அதற்கு எவ்வளவு பக்கம் என்பது சின்ன எக்ஸ்ரேயில் முழுதாகத் தெரியாது. ஓபிஜியில் இரண்டு தாடையும் எல்லாப் பல்லும் ஒரே படத்தில் விழும். வேர் நரம்பின் மேலேயே படிந்தது போலத் தெரிந்தால் சிபிசிடி என்னும் முப்பரிமாண ஸ்கேன் கேட்போம்.

கழுத்துக்கு மேல் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது. தோடு, மூக்குத்தி, சங்கிலி, ஹேர்பின், கழற்றும் பல்செட் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். ஆச்சிமார் பலர் வைரத்தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றி வருடக்கணக்கில் ஆகியிருக்கும். திருகு இறுகிப்போய் எக்ஸ்ரே அறையில் போராட வேண்டியிருக்கும். முதல் நாள் இரவே வீட்டில் துளி எண்ணெய் விட்டுக் கழற்றி, பத்திரமாக வைத்துவிட்டு வாருங்கள். கர்ப்பம் என்றாலோ, இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ படம் எடுக்குமுன் சொல்லிவிடுங்கள்.

உள்ளூரிலேயே செய்துகொள்ளலாமா, மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டுமா?

நேராக முளைத்த மேல் ஞானப்பல்லைப் பல் மருத்துவர் யாரும் எடுத்துவிடுவார். எலும்புக்குள் புதைந்தது, படுக்கை வசமாகக் கிடப்பது, நரம்பை ஒட்டியது என்றால் வாய் மற்றும் முக அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். என்னும் பல் மருத்துவ மேற்படிப்பு முடித்தவரிடம் போங்கள். காரைக்குடியில் பல கிளினிக்குகளுக்கு அப்படிப்பட்டவர்கள் குறிப்பிட்ட நாட்களில் வந்து போகிறார்கள். அப்படியானால் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: அவர் ஊருக்குப் போன பிறகு ராத்திரியில் ரத்தம் வந்தால் யாரைக் கூப்பிடுவது?

செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்குப் புதுக்கோட்டையில் 2023-இல் திறந்த அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் வைத்துக் காலையிலேயே போய்விடுங்கள். பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்களுக்காக ஒன்று: செட்டிநாடு பல் மருத்துவக் கல்லூரி இருப்பது சென்னைக்குப் பக்கத்தில், கேளம்பாக்கத்தில்.

எந்த மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்?

எல்லாவற்றையும். பெயர் நினைவில்லாவிட்டால் அட்டையையே கொண்டுவாருங்கள். நாட்டு மருந்து, சித்த மருந்து, லேகியம் உட்பட.

எகோஸ்ப்ரின் போன்ற ஆஸ்பிரின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் "பல் பிடுங்கப் போகிறேன்" என்று ஐந்து நாள் நிறுத்திவிட்டு வருவது, ஈறில் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் வருவதைவிடப் பல மடங்கு ஆபத்து. வாயில் வரும் ரத்தத்தைத் தையல் போட்டு, அழுத்தி நிறுத்திவிடலாம். ரத்தம் உறையாமைக்கான வார்ஃபரின், அசிட்ரோம் மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை முதல் நாள் செய்துகொண்டு வர வேண்டும். 4-க்குக் கீழே இல்லாவிட்டால் தள்ளிவைப்போம்.

எலும்புத் தேய்மானத்துக்கு வருடம் ஒரு முறை ஊசி போட்டிருந்தாலோ, புற்றுநோய்க்கு எலும்பு ஊசி போட்டிருந்தாலோ அவசியம் சொல்லுங்கள். சோலெட்ரானிக் அமிலம் போன்ற அந்த மருந்துகள் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகக் காரணமாகலாம். "அது மூட்டு டாக்டர் போட்டது, பல்லுக்கு என்ன?" என்று நினைத்துப் பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

சர்க்கரை இருக்கிறது. வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

வேண்டாம். மரப்பு ஊசியில் செய்வதென்றால் சர்க்கரை இருப்பவரும் இல்லாதவரும் சாப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும். வழக்கமான காலை மாத்திரை அல்லது இன்சுலின், அதன் பின் நான்கு இட்லி, பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்தில் அறுவை என்று காலை நேரமாகவே கேட்டு வாங்குங்கள். வெறும் வயிறு, பயம், காத்திருப்பு மூன்றும் சேர்ந்தால் நாற்காலியிலேயே மயக்கம் வரும். முழு மயக்கம் கொடுத்துச் செய்வதென்றால் மட்டும் கதை வேறு: 6 மணி நேரத்துக்குத் திட உணவு கூடாது, வெறும் தண்ணீர்கூட 2 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும்.

உள்ளே என்னதான் செய்வார்கள்?

மரப்பு ஊசி முதலில். கீழ்ப் பல்லுக்குத் தாடையின் உள்பக்கம், வாயின் பின்கோடியில் குத்துவார்கள். ஐந்து பத்து நிமிடத்தில் கீழ் உதடு தடித்தது போலவும் நாக்கின் பாதி மரத்தது போலவும் இருக்கும். உதடு மரக்கவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இன்னொரு ஊசி போடலாம்.

பிறகு ஈறைக் கீறி மடல் போல ஒதுக்குவார்கள். பல்லை மூடியிருக்கும் எலும்பை ட்ரில்லால் கொஞ்சம் எடுப்பார்கள். எலும்பு சூடேறாமல் இருக்க சலைன் நீர் இடைவிடாமல் விழும். சாய்ந்து கிடக்கும் பல்லை முழுசாக வெளியே இழுக்க வழியில்லை, முன்னிருக்கும் கடைவாய்ப் பல் தடுக்கும். அதனால் பல்லை இரண்டு மூன்று துண்டாக வெட்டி, நெம்புகோல் போன்ற எலிவேட்டரால் ஒவ்வொன்றாகக் கிளப்புவார்கள். அப்போது 'கறக்' என்று ஒரு சத்தம் காதுக்குள்ளேயே கேட்கும். உடைவது பல், தாடை இல்லை. அழுத்தம் தெரியும், வலி தெரியக்கூடாது. வலித்தால் இடது கையை உயர்த்துங்கள்.

கடைசியில் குழியைச் சலைனால் கழுவி, இரண்டு மூன்று தையல் போட்டு, மடித்த பஞ்சுத்துணியை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். எளிய பல்லுக்கு 20 நிமிடம், புதைந்த பல்லுக்கு ஒரு மணி நேரம் வரை ஆகலாம்.

நான்கையும் ஒரே நாளில் எடுக்கலாமா?

முழு மயக்கத்தில் எடுப்பார்கள். மரப்பு ஊசியில் செய்யும்போது ஒரு பக்கத்து மேல், கீழ் இரண்டையும் ஒரு நாளிலும், மறுபக்கத்தை இரண்டு மூன்று வாரம் கழித்தும் செய்வதுதான் வசதி. மெல்வதற்கு ஒரு பக்கமாவது மிஞ்ச வேண்டும் அல்லவா?

வீட்டுக்கு வந்ததும் முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

பஞ்சை 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். எடுக்கும்போதெல்லாம் உறைந்தது பிய்ந்து முதலிலிருந்து தொடங்கும். எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். துப்பும்போது வாய்க்குள் உண்டாகும் உறிஞ்சல் ரத்தக்கட்டியைக் கிளப்பிவிடும். ஸ்ட்ராவும் அதே காரணத்துக்காகத்தான் கூடாது: இளநீரை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள்.

அன்றைக்குக் கொப்பளிக்கவே வேண்டாம். மரப்பு விட மூன்று நான்கு மணி நேரமாகும், அதுவரை சூடான எதுவும் வேண்டாம்; கன்னம் கடிபடுவதும் நாக்கு சுடுவதும் தெரியாது. படுக்கும்போது இரண்டு தலையணை. வெயிலில் அலைவது, குனிந்து கோலம் போடுவது, குடம் தூக்குவது எல்லாம் இரண்டு மூன்று நாளுக்கு வேறு யாராவது பார்க்கட்டும்.

ரத்தம் நிற்கவில்லையே?

எச்சிலில் இளஞ்சிவப்பாகக் கலந்து வருவது 24 மணி நேரம் வரை சாதாரணம். ஒரு துளி ரத்தம் வாய் நிறைந்த எச்சிலையே சிவப்பாக்கிவிடும். வாய் நிறையத் திரும்பத் திரும்பச் சிவப்பாக நிரம்பினால்தான் ரத்தப்போக்கு. சுத்தமான பஞ்சுத்துணியை நனைத்துப் பிழிந்து, கெட்டியாக மடித்து, சரியாகக் குழியின் மேல் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து 30 நிமிடம் கடியுங்கள். வீட்டில் நடக்கும் தவறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: துணியைக் குழியில் வைக்காமல் பல்லின் மேல் வைத்துக் கடிப்பார்கள். ஈர டீ பேக் இருந்தால் அதையும் இப்படி வைக்கலாம், தேயிலையின் துவர்ப்பு உதவும். இரண்டு முறை இப்படிச் செய்தும் நிற்காவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

முகம் இட்லி மாதிரி வீங்கிவிட்டது. மூன்றாம் நாள் இன்னும் கூடிவிட்டது. ஏதாவது தப்பா?

வீக்கம் அறுவை நடந்த அன்றைவிட இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். அதன் பின் வடியத் தொடங்கி ஒரு வாரத்தில் பெரும்பாலும் போய்விடும். முதல் 24 மணி நேரம் ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளியே 15–20 நிமிடம், அதே அளவு இடைவெளி, மறுபடியும். ஐஸைத் தோலில் நேரே வைக்க வேண்டாம். இரண்டு நாள் கழித்து ஐஸால் பயனில்லை. வெதுவெதுப்பான ஒத்தடத்துக்கு மாறுங்கள். கன்னத்தில் மஞ்சளும் நீலமுமாகக் கன்றிப்போவது தானாக மறையும். ஐந்தாம் நாளில் புதிதாக வீங்கத் தொடங்கினால் அது கிருமித் தொற்று. உடனே வர வேண்டும்.

வலி மாத்திரையை எப்போது, எவ்வளவு?

மரப்பு முழுசாக விடுவதற்கு முன்பே முதல் மாத்திரை உள்ளே போய்விட வேண்டும். வலி ஏறிய பிறகு போட்டால் அடங்க நேரமாகும். வயிறும் சிறுநீரகமும் நன்றாக இருக்கும் பெரியவருக்கு, சாப்பிட்ட பின் இபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 500 மில்லிகிராமும் சேர்த்து எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது நல்ல கூட்டணி. இரண்டும் வெவ்வேறு வழியில் வேலை செய்பவை. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, கர்ப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் இபுப்ரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். மழைக்காலத்தில் டெங்கு சந்தேகமான காய்ச்சல் வந்தாலும் அப்படியே.

பாராசிட்டமால் 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராமைத் தாண்டக்கூடாது. ஸெரோடால்-பி போன்ற கூட்டு மாத்திரைக்குள்ளேயே பாராசிட்டமால் இருக்கிறது. அதோடு டோலோ 650-ஐயும் வீட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் கணக்குத் தெரியாமல் அளவை ஏற்றுகிறார்கள். ஸெரோடாலும் இபுப்ரோஃபெனும் ஒரே வகை, இரண்டையும் சேர்க்கக் கூடாது. ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்திருந்தால் முழுசாக முடியுங்கள். எழுதாவிட்டால் மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். மெட்ரோனிடசோல் எடுக்கும்போதும் முடித்த பின் குறைந்தது இரண்டு நாளும் மது தொடக்கூடாது, வாந்தியும் படபடப்பும் வரும்.

உப்புத் தண்ணீர் எந்த அளவில், எப்படி?

24 மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். ஒரு டம்ளர், அதாவது சுமார் 250 மில்லி, கொதித்து ஆறி வெதுவெதுப்பாக இருக்கும் நீரில் அரை டீஸ்பூன் உப்பு. கல்லுப்பு என்றால் முழுதும் கரைந்து, அடியில் மண் படிந்ததும் மேலாக இறுத்து எடுங்கள். வாயில் வைத்துத் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்துவிட்டு, வாயைத் திறந்து வாஷ்பேசினில் தானாக விழ விடுங்கள். குடுகுடுவென்று கொப்பளித்து வாசலுக்குப் பீய்ச்சித் துப்புவதெல்லாம் இந்த ஒரு வாரம் கிடையாது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும், படுக்குமுன்னும், ஒரு வாரத்துக்கு. மற்றப் பற்களை மறுநாளிலிருந்தே மென்மையாகத் துலக்கலாம். துலக்காமல் விட்டால்தான் கிருமி சேரும்.

என்ன சாப்பிடலாம்? எங்கள் வீட்டுச் சமையலில் எது ஆகும், எது ஆகாது?

முதல் நாள் ஆறிய கஞ்சி, நீர்மோர், இளநீர், பால், கரைத்த கேழ்வரகுக் கூழ், ஐஸ்கிரீம். ஐஸ்கிரீமைக் கரண்டியால், கோன் வேண்டாம், கொட்டைத் துண்டு போட்டதும் வேண்டாம்.

இரண்டாம், மூன்றாம் நாள் குழைய வடித்த சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டு மசித்தது, தயிர்ச்சோறு, பாலில் ஊறிய இட்லி, தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம், மசித்த வாழைப்பழம், அவித்து மசித்த உருளைக்கிழங்கு, முட்டைப் பொடிமாஸ். செட்டிநாட்டுப் பலகாரத்தில் இந்த நாட்களுக்கென்றே அமைந்தது போல இருப்பது கும்மாயம். உளுந்தும் பாசிப்பருப்பும் அரிசியும் வறுத்து அரைத்த மாவைக் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிளறியது. மெல்லவே வேண்டாம், புரதமும் உண்டு. இனிப்பு ஒட்டும் என்பதால் சாப்பிட்டதும் உப்புத் தண்ணீர். ஊறிக் குழைந்த பால் பணியாரம் நான்காம் நாளிலிருந்து ஆகும்.

ஆகாதவற்றில் முதலிடம் கடுகுக்கு. தயிர்ச்சோற்றுத் தாளிப்பில் இருக்கும் ஒரு கடுகு குழிக்குள் உருண்டு போய் உட்கார்ந்தால் நாக்குக்கும் எட்டாது, கொப்பளித்தாலும் வராது. வாயில் மற்ற இடமெல்லாம் ஆறிய பின்னும் அந்த ஒரு இடம் நாறும். எனவே தாளிக்காமல் செய்யச் சொல்லுங்கள். எள், கசகசா, தக்காளி விதை, கொய்யா விதை, ரசத்தில் மிதக்கும் மிளகுத் திப்பி எல்லாம் இதே வகை. ரசம் என்றால் வடிகட்டித் தெளிவை மட்டும் எடுங்கள். கவுனி அரிசி எவ்வளவு வேகவைத்தாலும் மேல்தோல் திப்பியாக நிற்கும், ஒட்டவும் செய்யும். பத்து நாள் தள்ளிவையுங்கள். வெள்ளைப் பணியாரம் உள்ளே பஞ்சுதான், ஆனால் ஓரம் மொறுமொறுப்பு, கூடவே வரமிளகாய்ச் சட்னி வேறு. தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம் இரண்டு வாரம் தகரத்தை விட்டு வெளியே வர வேண்டாம். மிளகு மணக்கும் கோழிக் குழம்பு? காரம் புண்ணில் எரியும், எலும்புச் சில்லு குத்தும். ஒரு வாரம் கழித்து, மறுபக்கத்தில் மென்று, சதையை மட்டும்.

அப்பத்தா வெற்றிலை போடாமல் இருக்க மாட்டார். எத்தனை நாள் நிறுத்த வேண்டும்?

குறைந்தது இரண்டு வாரம். சுண்ணாம்பு புண்ணை அரித்துவிடும். பாக்குத் தூள் குழிக்குள் போய் அடையும். புகையிலை ரத்த ஓட்டத்தைக் குறைத்து ஆறுவதைத் தாமதமாக்கும். கூடவே வெற்றிலை போட்டால் துப்பாமல் யாரும் இருப்பதில்லை. அப்பத்தா கேட்கவில்லை என்றால் அறுவைக்கு முன்பே எங்களிடம் சொல்லிவிடுங்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

வருடக்கணக்காகப் பாக்கு போட்டவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் வெளுத்து நார் போல இறுகி, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காமல் போகலாம். அது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாகக் கருதப்படும் நோய். பல் எடுப்பதே அங்கே கடினம். முதலில் அதைக் காட்ட வேண்டும்.

சிகரெட், பீடிக்கு முதல் மூன்று நாள் கண்டிப்பாகத் தடை, ஒரு வாரம் என்றால் நல்லது.

மூன்றாம் நாள்வரை நன்றாக இருந்தது. இப்போது காது வரை வலிக்கிறது, மாத்திரை கேட்கவில்லை.

இதுதான் உலர் குழி. ரத்தக்கட்டி கரைந்தோ கழன்றோ போய், எலும்பு திறந்து கிடக்கிறது. அடையாளம் தெளிவானது: நாளாக ஆகக் குறைய வேண்டிய வலி மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் திடீரென்று ஏறும், காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் பாயும், வாயில் கெட்ட வாடையும் சுவையும் இருக்கும், கண்ணாடியில் பார்த்தால் கரும்சிவப்புக் கட்டிக்குப் பதில் வெறும் குழியும் சாம்பல் நிற எலும்பும் தெரியும். பெரும்பாலும் வீக்கமோ காய்ச்சலோ இராது.

மேல் பல்லில் அபூர்வம், கீழ் ஞானப்பல்லில்தான் அதிகம். புகைப்பவர்கள், கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள், வாய் சுத்தம் குறைந்தவர்கள், எடுக்கச் சிரமப்பட்ட பல் ஆகிய இடங்களில் கூடுதல். எல்லாம் சரியாகச் செய்தவருக்கும் வரலாம், அதனால் உங்களையோ மருத்துவரையோ நொந்துகொள்ள வேண்டாம்.

வீட்டில் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டிய வலி இல்லை இது. குழியை வெதுவெதுப்பான சலைனால் கழுவி, கிராம்பின் யூஜினால் கலந்த மருந்துத் திரியை வைத்தால் சில நிமிடங்களிலேயே வலி இறங்கும். ஓரிரு நாளுக்கொரு முறை மாற்ற வேண்டியிருக்கலாம். ஒரு வாரம், பத்து நாளில் குழியின் அடியிலிருந்து புதுச் சதை ஏறிவிடும். ஆன்டிபயாட்டிக் இதற்கு மருந்தில்லை.

கிராம்புத் தைலம், மஞ்சள்தூள், காப்பித்தூள், எண்ணெய்க் கொப்பளிப்பு: ஆயா சொல்வதில் எதைக் கேட்கலாம்?

எடுப்பதற்கு முன், சொத்தை வலிக்கு ஒரு கிராம்பைக் கடித்துக்கொள்வது தற்காலிகமாக உதவும். எடுத்த பின் கிராம்புத் தைலத்தைப் பச்சைப் புண்ணில் சொட்டினால் ஈறு வெந்து வெளுக்கும். மருத்துவர் வைப்பது அளவோடு கலந்த மருந்து. மஞ்சள்தூளும் காப்பித்தூளும் குழிக்குள் அழுக்குச் சேர்ப்பது தவிர வேறொன்றும் செய்வதில்லை. நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு உறிஞ்சலும் அழுத்தமும் உண்டாக்குவது, இரண்டு வாரத்துக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம். ஆயா சொன்னதில் உப்புத் தண்ணீர் மட்டும் முழுக்கச் சரி.

வாய் திறக்கவே மாட்டேன் என்கிறது.

மெல்லும் தசை இறுகியிருக்கிறது. ஊசி போட்டதாலும் வீக்கத்தாலும் வருவது. ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகும். மூன்றாம் நாளிலிருந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, வலி தொடங்கும் எல்லைவரை மெல்லத் திறந்து மூடுங்கள், ஒரு வேளைக்குப் பத்து முறை, ஒரு நாளைக்கு ஐந்தாறு வேளை. திறந்துகொண்டே வந்த வாய் மறுபடி குறுகினால் தொற்று என்று சந்தேகிக்க வேண்டும்.

மறுநாளும் உதடு மரத்தே இருக்கிறது.

மருத்துவருக்கு அன்றே தெரியப்படுத்துங்கள். நரம்பு நசுங்கியோ இழுபட்டோ இருக்கலாம். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் இருந்து சில மாதங்களுக்குள் உணர்ச்சி திரும்பிவிடும். எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு திரும்பி வருவதன் அடையாளம். நிரந்தரமாக நிற்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. உதடு தொங்காது, முகம் கோணாது. போவது உணர்ச்சி மட்டும். அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கும் தாளில் இது இருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள்.

தையல் எப்போது பிரிப்பார்கள்? குழி எப்போது மூடும்?

கருப்புப் பட்டுநூல் என்றால் ஏழாம் நாள். பிரிக்க ஒரு நிமிடம், ஊசி தேவையில்லை. கரையும் நூல் தானாக உதிரும். ஈறு மூடிக்கொள்ள மூன்று நான்கு வாரம், அடியில் எலும்பு நிரம்பச் சில மாதங்கள். ஒரு மாதத்துக்குள் சிலருக்கு ஈறிலிருந்து கூர்மையாக எலும்புச் சில் ஒன்று எட்டிப் பார்க்கும். வேர் மிச்சமிருக்கிறது என்று பயப்பட வேண்டாம். உதிராமல் உறுத்தினால் எடுத்துவிடலாம்.

எப்போது ராத்திரி என்றும் பார்க்காமல் ஓட வேண்டும்?

விழுங்க முடியவில்லை, எச்சில் வழிகிறது, மூச்சுத் திணறுகிறது, நாக்கு மேலே தூக்குகிறது, வீக்கம் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் பரவிக் கல் போல இறுகுகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுக்குழல் அடைபடும் அபாயம் அது. 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், அழுத்தியும் நிற்காத ரத்தம், குழியிலிருந்து சீழ் என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பழனிப் பாதயாத்திரை, பால்குடம், பிள்ளையார் நோன்பு எல்லாம் வரிசையாக வருகிறதே?

தைப்பூசப் பாதயாத்திரைக்குக் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால் எடுத்து முடித்துவிடுங்கள், இல்லை திரும்பி வந்து எடுங்கள். வெயில், நீர் குறைவு, வழியில் கிடைக்கும் சாப்பாடு மூன்றும் புதுப் புண்ணுக்கு ஆகாது. நடுவழியில் உலர் குழி வந்தால் திரி வைக்க ஆள் கிடைக்காது. பால்குடத்துக்கு ஒரு வாரம் போதும். அலகு குத்துவதாக வேண்டுதல் இருந்தால் கன்னமும் ஈறும் முழுதாக ஆறிய பிறகுதான்.

பிள்ளையார் நோன்பில் இழை எடுக்கும்போது எரியும் திரியோடு மாவை வாயில் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். தையல் பிரித்த பின் என்றால் மறுபக்கமாகப் போட்டு விழுங்கலாம். அதற்கு முன் என்றால் நோன்பு கழித்து அறுவைக்கு நாள் கேளுங்கள். அவசரமில்லாத பல் ஒரு வாரம் காத்திருக்கும்.

சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் விடுமுறையில் வருகிறேன். எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாமா?

வந்த முதல் இரண்டு நாளுக்குள் எடுத்தால் முடியும். பத்தாம் நாளுக்குள் தையல் பிரித்துவிடலாம், உலர் குழி வந்தாலும் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். விடுமுறையின் கடைசி வாரத்துக்குத் தள்ளுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. திருச்சி விமான நிலையத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க நேரிடும். மேல் பல் எடுத்தபோது சைனஸ் அறையோடு துளை விழுந்ததாக மருத்துவர் சொன்னால், குறைந்தது இரண்டு வாரம் விமானம் வேண்டாம், மூக்கைச் சிந்தவும் கூடாது, தும்மலை வாய் திறந்து தும்முங்கள். தண்ணீர் குடிக்கும்போது மூக்கு வழியாக வந்தால் அந்தத் துளை மூடவில்லை என்று பொருள். பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்து காட்டுங்கள். ஓபிஜி படத்தையும் என்ன செய்தோம் என்ற குறிப்பையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே ஏதாவது ஆனால் முதலில் கேட்பது அதைத்தான்.